வெளி என்று எழுதிய கட்டம்

ஜனவரி 6

தங்கை பூனைக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் இடது முழங்காலைத் தவிர. நீ சுகமா என்று கேட்கக்கூட எனக்குக் கோபமாக வருகிறது. உன் கடைசிக் கடிதம் அக்டோபர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை வந்தது. மொத்தம் பதினோரு வரி. நான் நாலு பக்கம் பதில் போட்டேன். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து மூச்சுப் பேச்சு இல்லை. போனில் பேசலாமே என்கிறாள் பேத்தி. போனில் சொன்னதை மறுநாளே "நான் எங்க அப்படிச் சொன்னேன்?" என்று மாற்றிவிடலாம். எழுதினால் மாட்டிக்கொள்வார்கள். முப்பத்தொரு வருஷத்துக் கடிதம் எல்லாம் என் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, நினைவிருக்கட்டும்.

சேதி என்னவென்றால், எங்கள் ஊருக்குப் பலகை வரப்போகிறது. "கரி கக்காத ஊர்" என்று எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கும். இரண்டு வருஷமாக நகர அலுவலகத்தில் கரிக்கணக்கு எழுதுகிறார்கள். நாம் எரிக்கிற எண்ணெய், எரிவாயு, கரண்ட், எல்லாவற்றிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத வாயு ஒன்று மேலே போய் உலகத்தைச் சூடாக்குகிறதாம். எந்த ஊர் எவ்வளவு விடுகிறது என்று எழுதி, வருஷா வருஷம் குறைக்க வேண்டும். மீந்ததை மரம் வைத்துக் கழிக்க வேண்டும். தெருவுக்கு ஓர் ஆள் கணக்குச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்கு நான்தான். நாலாம் வகுப்போடு நின்றவள் என்று என்னைச் சொல்லிக் காட்டுவாயே, அலுவலகத்துப் பெண் படிவத்தைப் பிரிப்பதற்குள் எந்த வீட்டில் எத்தனை சிலிண்டர் என்று நான் சொல்லி முடித்துவிடுகிறேன்.

சலவைக்கடைக்காரர் கதையைக் கேள். அவருடைய பாய்லர் ஒன்றுதான் தெருக் கணக்கைக் கெடுத்துக்கொண்டிருந்தது. "அடப் பைத்தியமே, உன் கடைக்குப் பின்னாடி பத்தடியில எல்லைக் கல்லு நிக்குது. பாய்லரைத் தூக்கி அந்தப் பக்கம் வை" என்றேன். வைத்துவிட்டார். குழாய் மட்டும் இந்தப் பக்கம் வருகிறது. தெருவே கை தட்டியது.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் செங்கல் சூளையை விரட்டினோமே, அதுதான். மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. அது இப்போது உன் ஊர்ப் பக்கம் இருக்கிறது என்றாலும் உனக்கு அவ்வளவு தொந்தரவு இருக்காது. காற்று உன் வீட்டுப் பக்கம் அடிக்காது அல்லவா?

ஜூன் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பலகை திறக்கிறார்கள். என்னை மேடைக்குக் கூப்பிடுவார்கள். நீ முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். சாக்குப்போக்கு வேண்டாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.
அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு, நலம். நீ நலமா? முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

பலகை வருவது சந்தோஷம். காற்று எல்லாப் பக்கமும்தான் அடிக்கிறது. கொஞ்சம் இருமல், காய்ந்த காலத்தில் எல்லோருக்கும் இருப்பதுதான்.

ஜூன் மாதம் வர முடியுமா தெரியவில்லை. மழைக்கு முன்னால் இங்கே யாருக்கும் கை ஓயாது. மகன் நன்றாக இருக்கிறான் என்றுதான் நினைக்கிறேன்.

பேத்திக்கு என் அன்பைச் சொல்.
பூனை


பிப்ரவரி 11

பூனைக்கு, உன் ஒன்பது வரி வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். இருமலுக்கு மருத்துவரைப் பார்த்தாயா?

மழைக்கு முன்னால் உனக்கு எதற்குக் கை ஓயாது? மகன் தலையெடுத்தாயிற்று, நீ காலை நீட்டி உட்கார்ந்திருப்பவள். வருவதற்கு மனமில்லை என்று நேராக எழுது. அப்பா விஷயத்திலும் இப்படித்தான் செய்தாய்.

இங்கே ஒரு தலைவலி வந்திருக்கிறது. அந்த அலுவலகத்துப் பெண் நேற்று வந்தாள். படிவத்தில் கடைசியில் ஒரு கட்டம் உண்டு, 'எங்கே செய்தது' என்று. கடையில் வாங்கிய பொருள், கட்டடத்துக்கு வந்த சாமான் எல்லாவற்றுக்கும் அதில் 'வெளி' என்று எழுதிவிடுவேன். வெளி என்று போட்டால் கூட்டலில் சேராது. பத்து வருஷம் பின்னோக்கிப் பார்த்து அந்தக் கட்டத்தையும் எண்ண வேண்டும் என்கிறாள்.

"நமக்காகத்தானே பாட்டி செஞ்சாங்க? அப்போ அது நம்ம கரிதானே?"

"நான் அடுப்பு மூட்டலையே. எவன் மூட்டினானோ அவன் கணக்கு."

"உங்க புடவையை சலவைக்கடைக்காரர் துவைச்சா அழுக்கு அவரோடதா?"

வாய் நீளம் அவளுக்கு. அம்மாகூட என்னை இப்படி மடக்கியதில்லை. அவள் போன பிறகு அந்தக் கோபத்தில் எல்லாப் பாத்திரத்தையும் இரண்டு தடவை தேய்த்தேன்.

வெளிக் கணக்கைச் சேர்த்தால் பலகை வராது என்று தெருவே பயப்படுகிறது. நான் சும்மா விடமாட்டேன். அது ஒன்றுமே இல்லாத கணக்கு என்று அவள் முகத்துக்கு நேரே காட்டப்போகிறேன். எங்கள் தெருவில் பெரிய வெளிச் சாமான் என்றால் செங்கல்தான். அதிலும் என் வீட்டு மாடிக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்ததுதான் அதிகம், பதினாலாயிரம் கல். உன் ஊர்ச் சூளையில் செய்தது. நீ பக்கத்தில் இருக்கிறாய், விசாரித்து எழுது. ஒரு கல்லுக்கு எவ்வளவு கரி, எப்படிச் செய்கிறார்கள், எல்லாம் எழுது. கொஞ்சமாக இருந்தால் பெரிய எழுத்தில் எழுது, அதிகமாக இருந்தால் சின்ன எழுத்தில் எழுது. புரியும் உனக்கு.

அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு, நலம். நீயும் எல்லோரும் நலமென்று நம்புகிறேன்.

கேட்டாயே, எழுதுகிறேன். ஓர் ஆள் ஒரு நாளைக்கு மர அச்சில் எண்ணூறு கல் அறுக்கலாம். முந்தின நாள் மாலையே மண்ணை ஊறப்போட்டு மிதித்து வைத்திருந்தால் ஆயிரம்கூட வரும். அச்சை மணலில் புரட்டிவிட்டு மண்ணை அறைய வேண்டும், இல்லையென்றால் மூலை ஒட்டிக்கொள்ளும். பச்சைக் கல் வெயிலில் எட்டு நாள் காய வேண்டும். அப்புறம் சூளை அடுக்கி, கரி கொட்டி, மூட்ட வேண்டும். பதினாலாயிரம் கல்லுக்கு ஏறக்குறைய மூன்று டன் நிலக்கரி. விறகு தனி. சின்னதாக எழுத எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. எங்கள் ஊரிலும் போன வருஷம், பழைய பத்து வருஷத்துக்கும் சேர்த்து, இந்தக் கரிக்கணக்கு எழுதினார்கள். சூளைப் பக்கம் கணக்குச் சொன்னது நான்தான். கல்லெல்லாம் ஆற்றைத் தாண்டி உங்கள் ஊருக்குத்தான் போகிறது, யாருக்காக எரிகிறதோ அவர்கள் எழுதிக்கொள்வார்கள் என்று எங்கள் அலுவலகத்தார் சொன்னார். அதனால் நானும் 'வெளி' என்றே எழுதினேன்.

பூனை


மார்ச் 9

பூனைக்கு, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

நீயும் வெளி என்று எழுதியிருக்கிறாய். நானும் வெளி என்று எழுதியிருக்கிறேன். அப்படியென்றால் அந்த மூன்று டன் எந்த ஊர்க் கணக்கில் இருக்கிறது? அலுவலகத்துப் பெண்ணிடம் கேட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ரெண்டு ஊர்லயும் இல்ல பாட்டி. எரிஞ்சது நிஜம், வானத்துக்குப் போனதும் நிஜம். தாள்லதான் இல்ல" என்றாள். சலவைக்கடைக்காரரின் பாய்லர் உறுமுவது வீட்டுக்குள் நன்றாகவே கேட்டது. வெளியிலிருந்துதான்.

அது இருக்கட்டும். விசாரித்து எழுது என்றேன். விசாரித்தவள் எழுதுகிற மாதிரி இல்லை உன் கடிதம். அச்சை மணலில் புரட்டாவிட்டால் மூலை ஒட்டும் என்பது உனக்கு எப்படித் தெரியும்? சூளைக்குக் கணக்குச் சொல்ல ஏன் உன்னைக் கூப்பிட்டார்கள்? நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் எழுது.

இருமல் எப்படி இருக்கிறது?
அக்கா


ஏப்ரல் 2

பூனைக்கு, இருபத்துநாலு நாள் ஆகிறது. தபால்காரர் என் வீட்டு வாசலில் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார், நிறுத்தினால் நான் திட்டுவேன் என்று.

நீ வாயை மூடிக்கொள்வது புதிதில்லை. அப்பா இறந்தபோது தந்தி அடிக்காமல் கடிதம் போட்டவள் நீ. புதன்கிழமை போனவருக்கு எனக்குச் சேதி சனிக்கிழமை வந்தது. நான் வந்தபோது அவர் படுத்திருந்த இடத்தைக் கழுவிவிட்டிருந்தீர்கள். அவர் முகத்தைப் பார்க்க விடாதவள் நீ. முப்பத்தொரு வருஷம் ஆகியும் அந்த ஈரத் தரை எனக்குக் காயவில்லை.

கேட்டதற்குப் பதில் போடு. நலமா என்றாவது எழுது.
அக்கா


ஏப்ரல் 15

அக்காவுக்கு, நலம்தான். கை வலியால் எழுத முடியவில்லை.

அன்றைக்குத் தந்தி அடிக்கத்தான் போனேன். நாலு மைல் நடந்து போனேன். அலுவலகம் பூட்டிக் கிடந்தது, விடுமுறை. வாசலில் இருந்த தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். இதை அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. திட்டினாய்.

சூளையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. விழா நன்றாக நடக்கட்டும்.
பூனை


மே 3

பூனைக்கு, அக்கா எழுதுவது. நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். நலமா?

முந்தாநாள் துணி காயப்போட மாடிக்கு ஏறினேன். கைப்பிடிச் சுவர் இன்னும் பூசாமல்தான் கிடக்கிறது, உனக்குத் தெரியாது. முழங்கால் வலிக்கு அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தால் ஒரு கல்லின் மூலையில் சின்னக் குழி. சுண்டுவிரல் அளவு. நேராக இல்லை, வெளிப்பக்கம் வளைந்திருந்தது. மூன்று கல் தள்ளி இன்னொன்றில் அதே குழி, அதே வளைவு. சுவர் முழுக்கத் தடவினேன். பத்தொன்பது கல்லில் இருக்கிறது.

அந்த வளைவு எனக்குத் தெரியும். நான் வளைத்ததுதானே.

எனக்குப் பன்னிரண்டு வயது, உனக்கு ஒன்பது. சீப்பைத் தரவில்லை என்று பின்வாசல் கதவை அறைந்து சாத்தினேன். உன் வலது கைச் சுண்டுவிரல் இடுக்கில் மாட்டி வளைந்துபோனது. அம்மா ஓடி வந்தாள். "அவளே வச்சு நசுக்கிக்கிட்டா" என்றேன். நீ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினாய். ஊரில் எல்லோருடைய தப்புக்கும் நான் தேதி வைத்திருக்கிறேன். சலவைக்கடைக்காரர் என் நீலப் புடவையைக் கிழித்த நாள்கூடத் தெரியும். இதற்கு மட்டும் தேதி வைக்கவில்லை.

அந்தக் கற்களை நீதான் அறுத்தாயா என்று இனி கேட்கமாட்டேன். நீ காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாய் என்று எழுதினேனே, அந்த வரியைக் கிழித்துப் போடு.

இதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் மேடை ஏற முடியாது. சூளையை விரட்டினோம் என்று பெருமை பேசினேனே. சூளைக்காரர் என்னிடம் வந்து, "எங்கம்மா போவேன்? களிமண்ணும் ஆறும் இருக்குற இடம் வேணும்" என்றார். "ஆத்துக்கு அந்தப் பக்கம் போங்க. என் தங்கச்சி ஊரு. நல்ல மண்ணு. கேக்க ஆள் கிடையாது" என்றேன். அவருக்கு உதவி செய்கிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே அப்பாவின் ஈரத் தரை இருந்தது. அவள் புகையைக் கொஞ்சம் தின்னட்டும் என்று ஒரு நிமிஷம், சத்தியமாக ஒரே ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்தத் தந்தி அலுவலகம் பூட்டியிருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு எங்காவது அனுப்பியிருப்பேன், அவ்வளவுதான். அங்கேயும் யாரோ ஒருத்தியின் தங்கை இருந்திருப்பாள். இதையும் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கீழே மூன்று இடத்தில் ஒரு வார்த்தையை எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

அக்கா


மே 20

குண்டூசிக்கு,

சின்ன வயதில் கூப்பிட்ட பெயர். இன்றைக்கு அப்படித்தான் வருகிறது. இருமல் அப்படியேதான் இருக்கிறது. கேட்டாய் என்பதால் சொல்கிறேன்.

சூளைக்காரர் இடம் பார்க்க வந்த முதல் நாளே சொல்லிவிட்டார். "உங்க அக்காதான் வழி சொன்னாங்க. நல்ல மனசு" என்றார். குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். பதினெட்டு வருஷமாக இது என்னிடம் இருக்கிறது. என்னிடம் பெட்டி இல்லை, அதனால் சும்மா வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் இறந்த நாலாம் மாதம் அச்சைக் கையில் எடுத்தேன். மகனிடமிருந்து கடிதம் வந்து ஏழு வருஷம். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் அதற்கும் தேதி போட்டு வைப்பாய். அவன் ஒரு நாள் திரும்பி வந்தால் நீ அவன் முன்னால் அந்தப் பெட்டியைத் திறப்பாய்.

உன் மாடிக்குக் கல் என்று லாரிக்காரர் சொன்னபோது, அந்தப் பதினாலாயிரத்தையும் நானே அறுக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பதினெட்டு நாள் ஆனது. வேறு யாராவது அவசரத்தில் அறுத்தால் மூலை உடையும், உன் வீடு ஒழுகும். தடம் தெரியக்கூடாது என்று ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துத்தான் வைத்தேன். பத்தொன்பது விட்டுப்போயிருக்கிறது. கண் அப்போதே மங்கிக்கொண்டிருந்தது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீ பார்க்காதே என்றால் பார்க்கத்தான் தோன்றுகிறது. அந்த வார்த்தையை எனக்கு எழுத வேண்டாம், அக்கா. உன் கணக்கில் எழுது.

பூனை


ஜூன் 9

பூனைக்கு, இங்கே எல்லோரும் சுகம். என்னோடு பேசுகிறவர்கள் மட்டும் குறைந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். பலகைக்கு மேல் துணி மூடியிருந்தது, திறக்கக் கயிறும் கட்டியிருந்தது. முதல் வரிசையில் உனக்கென்று ஒரு நாற்காலியைக் காலியாக வைக்கச் சொல்லியிருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டுதான் படித்தேன். தெருவில் எந்த வீட்டுக்கு என்ன சாமான், எங்கே செய்தது, எவ்வளவு கரி, எல்லாவற்றையும் தாளைப் பார்க்காமல் சொன்னேன். முதலில் என் வீடு. பதினாலாயிரம் கல். மூன்று டன் நிலக்கரி, விறகு தனி. "எங்கே செய்தது?" என்று படிவம் கேட்கிற இடத்தில் வெளி என்பதை அடித்துவிட்டு 'என் தங்கை கையால்' என்று எழுதியிருந்தேன். அதையும் சத்தமாகப் படித்தேன்.

சலவைக்கடைக்காரர் எழுந்து, "பாட்டி, நீங்க சொல்லித்தானே பாய்லரை அந்தப் பக்கம் தள்ளி வச்சேன்! இப்போ என்னைக் காட்டிக்குடுக்குறீங்களே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பத்தடி தள்ளி வைக்கவும் நான்தான் சொன்னேன், ஆற்றைத் தாண்டி வைக்கவும் நான்தான் சொன்னேன்.

கணக்கு ஏறிவிட்டது. கயிற்றை யாரும் இழுக்கவில்லை. பலகை துணியோடு சலவைக்கடைக் கொட்டகையில் சாய்ந்து கிடக்கிறது. அடுத்த வருஷத்துக் கணக்கில் என்ன குறைப்பது, சூளை அடுப்பை மாற்ற எங்கள் ஊர் என்ன செய்ய வேண்டும் என்று பேசக் கூட்டம் போட்டிருக்கிறார்கள். ஆறு பேர் வந்தார்கள். பாய்லரைத் திட்டிக்கொண்டே சலவைக்கடைக்காரரும் வந்தார்.

முக்கியமாக ஒன்று. உன் படிவத்தில் 'வெளி' என்று எழுதியிருக்கிறாயே, அதை அடித்துவிடாதே. அலுவலகத்துப் பெண் சொன்னாள், இரண்டு ஊரும் எழுதினால் ஒரே கரியை இரண்டு தடவை எண்ணியதாகிவிடுமாம். நீ எழுதியது அப்படியே இருக்கட்டும். போன வருஷம் அந்த 'வெளி'க்கு ஒரு வீடு இல்லை. இப்போது இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பெட்டியை எடுத்து வரமாட்டேன். முதலில் மருத்துவரிடம் போகிறோம், இருமலுக்கு. மாட்டேன் என்று எழுத உனக்கு நேரம் இல்லை, இது கையில் கிடைக்கும்போது நான் பாலத்தைத் தாண்டியிருப்பேன். உன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. பஸ்ஸில் ஏறாமல் திரும்பிவிடுவேனோ என்றுதான் பயணச்சீட்டை இன்றைக்கே வாங்கி வைத்துவிட்டேன்.

எனக்கு இப்போது படி இறங்க முடிவதில்லை. யாராவது கை நீட்ட வேண்டும். நீ இடது கையை நீட்டுவாய், சின்ன வயதிலிருந்து உன் வழக்கம் அது. வலது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வாய். அன்றைக்கு வலது கையை நீட்டு.

அக்கா